தைக்காவுக்குப் பூட்டுப் போட்ட சட்டம்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாளின் இரவில், மட்டக்களப்பிலிருந்து என் கல்லூரித் தோழி தொலைபேசியில் அழைத்தாள். சீயோன் தேவாலயத்தில் இறந்த குழந்தைகளில் ஒன்று அவளுடைய தெருவைச் சேர்ந்தது. அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: "மதமெண்டு ஒண்டுமே இருக்கக் கூடாதெண்டு அரசாங்கம் சட்டம் போட்டா என்ன?" எந்த மதத்தையும் அவள் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் அவள்; தன்னுடையதையும் சேர்த்துத்தான் சொன்னாள். நானும் அன்று ஆமாம் என்றேன். ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. அந்த இரவில் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அந்தக் கேள்வியை நான் பிறகு விடவில்லை. மதத் தீவிரவாதத்தின் கொடுமை முற்றினால் ஓர் அரசு மதத்தையே சட்டவிரோதமாக்குமா? ஆக்கினால் யாருக்கு என்ன நேரும்? இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வருங்காலத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் இது நடந்து முடிந்த வரலாறு. அதன் ஒரு பகுதியை மூன்று ஆண்டுகளுக்கு முன் துருக்கியின் கொன்யா நகரத்தில் நேரில் பார்த்தேன்.

மெவ்லானா என்று போற்றப்படும் சூஃபி கவிஞர் ரூமியின் அடக்கத்தலம் கொன்யாவில் இருக்கிறது. வாசலில் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ள நெகிழி உறை கொடுக்கிறார்கள். உள்ளே வரிசையாக, பட்டு போர்த்திய சமாதிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பெரிய தலைப்பாகை. நான் நாகப்பட்டினத்துக்காரி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகூர் தர்காவுக்குப் போய் வளர்ந்தவள். எனவே அந்த இடத்தில் எனக்கு எதுவுமே புதிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகை அதை அருங்காட்சியகம் என்கிறது. 1927ஆம் ஆண்டு முதல் சட்டப்படி அது அருங்காட்சியகம்தான். முற்றத்தை ஒட்டி தர்வேஷ்கள் என்ற சூஃபி அடியார்கள் வாழ்ந்த சிற்றறைகளும் பழைய சமையற்கட்டும் இருக்கின்றன. இந்த வழியில் சேர வருகிறவர் 1001 நாட்கள் பணிவிடை செய்ய வேண்டும் என்பது ரூமியின் வழியினரான மெவ்லவிகளின் மரபு. அந்தப் பயிற்சி தொடங்குமிடம் சமையற்கட்டு. சுழன்றாடப் பழகுவதும் அங்கேதான். பலகையில் அடித்த ஓர் ஆணியைக் கால் விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, அதையே அச்சாகக் கொண்டு சுற்றிச் சுற்றிப் பழகுவார்கள். இப்போது அங்கே தர்வேஷ் உடை அணிந்த பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன.

சமாதிக்கு எதிரே ஒரு மூதாட்டி இரு கைகளையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் அப்படி நிற்பதில்லை. காவலர் அவரைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தலத்துக்குப் பூட்டுப் போட்டது 1925 நவம்பர் 30 அன்று துருக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றிய 677ஆம் எண் சட்டம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அது நடைமுறையில் இருக்கிறது. சூஃபிகள் கூடும் மடங்களுக்குத் துருக்கியில் தேக்கே என்று பெயர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தைக்கா என்றும் இலங்கையில் தக்கியா என்றும் நம் மக்கள் சொல்வது அதே சொல்தான். நாட்டிலுள்ள எல்லாத் தைக்காக்களும் அந்தச் சட்டத்தால் மூடப்பட்டன, அடக்கத்தலங்களும் மூடப்பட்டன. ஷெய்கு (குரு), தர்வேஷ், முரீது (சீடர்), தேதே, பாபா, செலெபி போன்ற பட்டங்களைச் சூடுவதும், அவற்றுக்குரிய உடை அணிவதும் குற்றமாயின. குறி சொல்வது, மந்திரிப்பது, தாயத்து எழுதித் தருவது ஆகியவையும் அதே பட்டியலில் சேர்ந்தன. மீறினால் மூன்று மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை. நாகூர், ஏர்வாடி, கல்முனைக் கடற்கரைப் பள்ளி என்று நாமறிந்த இடங்களையெல்லாம் ஒரே நாளில் மூடிவிட்டு, அங்கே வாசலில் தாயத்துக் கட்டுகிற முதியவரையும் சிறைக்கு அனுப்பினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால்தான் அந்தச் சட்டத்தின் வீச்சு நமக்குப் புரியும்.

அந்த ஆண்டில் அப்படியொரு சட்டம் பிறந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு கிளர்ச்சி. 1924 மார்ச்சில் துருக்கி, முஸ்லிம்களின் தலைமைப் பதவியான கிலாஃபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிழக்கே குர்துகள் வாழும் பகுதியில், நக்‌ஷபந்தி தரீக்காவின் (சூஃபி வழியின்) ஷெய்கு சயீத் என்பவரின் தலைமையில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மார்க்கத்தை மீட்பதே நோக்கம் என்று அவர்கள் அறிவித்தார்கள். அதில் குர்து தேசிய உணர்வு எவ்வளவு, மத உணர்வு எவ்வளவு என்பதை இரண்டாகப் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டும் கலந்தே இருந்தன. கிளர்ச்சிக்காரர்கள் தியார்பக்கிர் நகரை முற்றுகையிட்டார்கள். தலைநகர் அங்காராவின் அரசு படையை அனுப்பி அடக்கியது; ஜூன் இறுதியில் ஷெய்கு சயீதும் அவரோடு பலரும் தூக்கிலிடப்பட்டார்கள். இடையே மார்ச் 4 அன்றே ஒழுங்கைக் காக்கும் சட்டம் என்ற பெயரில் அரசுக்கு வரம்பற்ற அதிகாரம் தரும் சட்டம் வந்துவிட்டது. அதைக் கொண்டு நாளிதழ்கள் மூடப்பட்டன. மத நம்பிக்கைகளை மதிப்போம் என்று தன் கொள்கையில் எழுதிவைத்திருந்த எதிர்க்கட்சியும் கலைக்கப்பட்டது. ஆகஸ்டில் கஸ்தமோனுவில் பேசிய குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமால், துருக்கிக் குடியரசு ஷெய்குகளின், தர்வேஷ்களின், முரீதுகளின் நாடாக இருக்க முடியாது என்று அறிவித்தார். நவம்பரில் சட்டம் நிறைவேறியது.

பள்ளிவாசலை அந்த அரசு தொடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கிலாஃபத்தை ஒழித்த அதே நாளில் மத விவகாரங்களுக்கென்று ஓர் அரசுத் துறையை உருவாக்கி, இமாம்களை அதன் கீழ்க் கொண்டுவந்தார்கள். ஆக, தடையானது மதம் அன்று. அரசின் கைக்கு அடங்காத மதம். கிளர்ச்சி நடக்காதிருந்தாலும் இது வந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இவ்வளவு விரைவாகவும், எதிர்த்துப் பேச ஆளின்றியும் வந்திருக்காது.

என்னை மிகவும் உறுத்திய செய்தி இதற்குப் பிறகு வருவது. கிளர்ச்சி செய்தது நக்‌ஷபந்தி வழியில் வந்த ஒரு ஷெய்கு. மெவ்லவிகளுக்கோ, பெக்தாஷிகள் என்ற இன்னொரு சூஃபி வழியினருக்கோ அதில் பங்கில்லை. ஆனால் சட்டம் யாரை உருக்குலைத்தது என்று பார்த்தால், மெவ்லவிகளைத்தான். அவர்களுடைய வழிபாட்டுக்கு மண்டபம் வேண்டும், புல்லாங்குழல் போன்ற நேய் வேண்டும், தாளம் வேண்டும், சுழல்வதற்கு ஆட்கள் வேண்டும், அந்த ஆணியடித்த பலகை வேண்டும். மண்டபத்தைப் பூட்டினால் எல்லாம் நின்றுபோகும், நின்றுபோயிற்று. நக்‌ஷபந்திகளின் தனி அடையாளமோ மௌன திக்ரு. வாய் திறக்காமல் மனத்துக்குள்ளேயே இறைவனை நினைப்பதற்கு மண்டபம் வேண்டாம், கருவி வேண்டாம். பேருந்தில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். எந்தக் காவலர் அதைக் கண்டுபிடிப்பார்? அவர்களில் சிலர் அரசுப் பள்ளிவாசல்களிலேயே இமாம்களாகப் பணியில் இருந்துகொண்டு சீடர்களை வளர்த்தார்கள். இஸ்தான்புல்லின் இஸ்கந்தர்பாஷா பள்ளிவாசலில் இமாமாக இருந்த மெஹ்மத் ஸாஹித் கொத்குவின் வட்டத்திலிருந்து வந்தவர்தான் நெஜ்மெத்தின் எர்பகான். அவர் 1996இல் நாட்டின் பிரதமரானார். எந்த வழியைக் குறிவைத்துச் சட்டம் வந்ததோ, அந்த வழி ஆட்சிக்கட்டிலை எட்டியது. எதிலும் சேராதிருந்த வழி, 1950களில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் கலைநிகழ்ச்சி என்ற பெயரில் ஆடிக் காட்டும் அனுமதியைப் பெற்றது.

தடையால் வன்முறையாவது நின்றதா? 1930 டிசம்பர் 23 அன்று, சட்டம் வந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, மெனெமென் என்ற சிற்றூரில் தர்வேஷ் மெஹ்மத் என்பவனின் கூட்டம் பச்சைக்கொடியுடன் வந்து, தடுக்க வந்த குபிலாய் என்ற இளம் ஆசிரியரின் தலையைத் துண்டித்தது. குபிலாய் அப்போது படையில் கட்டாயப் பணியில் இருந்தவர்.

1993 ஜூலை 2 அன்று சிவாஸ் நகரில் நடந்ததும் இந்தக் கதையின் பகுதியே. அலெவிகள் என்ற சிறுபான்மையினர், தங்கள் பழங்கவிஞரான பீர் சுல்தான் அப்தாலின் பெயரில் அங்கே விழா எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த ஒரு பெருங்கூட்டம், விருந்தினர் தங்கியிருந்த மதிமாக் விடுதியைப் பல மணிநேரம் சூழ்ந்து நின்று, கடைசியில் தீ வைத்தது. கவிஞர்களும் இசைக்கலைஞர்களும் இளைஞர்களுமாக 33 பேரும் விடுதி ஊழியர்கள் 2 பேரும் இறந்தார்கள். மதத் தீவிரவாதத்தின் பலி யார் என்று கேட்டால் துருக்கியில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அலெவிகளுடையது. அந்த அலெவிகளின் வழிபாட்டை நடத்தும் பெரியவருக்கு தேதே என்று பெயர். 677ஆம் சட்டம் தடை செய்த பட்டங்களில் அதுவும் ஒன்று. அவர்கள் கூடும் ஜெம் இல்லத்தைப் பள்ளிவாசலுக்கு இணையான வழிபாட்டுத்தலமாக அரசு ஏற்காததை எதிர்த்து அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அந்த நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2016 ஏப்ரலில் அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. தீவிரவாதத்தை ஒடுக்குவதற்கு என்று சொல்லி எழுதிய சட்டம், தீவிரவாதிகளின் தீயில் வெந்தவர்களின் தலைமேல் இன்றும் தொங்குகிறது. எனக்கு இதைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை.

மதத்தையே முழுமையாகத் தடை செய்த நாடு அல்பேனியா. அங்கே நம்மை அழைத்துப் போகிறவர்கள் பெக்தாஷிகளே. 1925இல் துருக்கியில் வழியடைந்துபோன அவர்களின் தலைமைப்பீடம் அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குப் பெயர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1967 பிப்ரவரியில், நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் என்வர் ஹோஜா ஆற்றிய ஓர் உரையைத் தொடர்ந்து பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் தேவாலயங்கள் மீதும் பள்ளிவாசல்கள் மீதும் ஏவிவிடப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 2,169 வழிபாட்டிடங்கள் மூடப்பட்டதாகக் கணக்கு. ஷ்கோடர் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமாயிற்று. 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், அரசு எந்த மதத்தையும் ஏற்பதில்லை என்று 37ஆவது பிரிவில் எழுதிவைத்தது. பெக்தாஷிகள் இரண்டாம் முறையாகத் தடையானார்கள்.

இந்தத் தடைக்கு எந்தத் தீவிரவாதம் காரணம் என்று தேடினேன். குண்டு வைத்தவர் இல்லை, கிளர்ச்சி செய்த ஷெய்கு இல்லை. சுன்னிகள், பெக்தாஷிகள், கிழக்கு மரபு கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர்கள் என்று பலரும் பெரிய சண்டையின்றிக் கலந்து வாழ்ந்த நாடு அது. கத்தோலிக்கர் வழியாக இத்தாலியும், கிழக்கு மரபினர் வழியாகக் கிரேக்கமும் உள்ளே வரும் என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. அதைவிட, மக்களின் மனத்தில் கட்சியைத் தவிர வேறெதற்கும் இடம் இருக்கக்கூடாது என்ற ஆசை இருந்தது. முழுத்தடை அந்த ஆசையிலிருந்து வந்தது. சோவியத் ஒன்றியத்தைப் பார்த்தாலும், கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவைப் பார்த்தாலும் இதுவே என் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தத் தடை எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். நோன்பு மாதத்திலும் தவக்காலத்திலும், பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் பாலும் பிற உணவும் கொடுத்து, யார் சாப்பிடாமல் ஒதுங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். மறுத்தவரின் பெயர் மேலே போகும். பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளை, வீட்டில் பாட்டி நோன்பிருப்பதை மறைக்கத் தான் குடித்துக் காட்டுவதை எண்ணிப் பாருங்கள். ஷ்ட்யெஃபன் குர்த்தி என்ற முதிய பாதிரியார், சிறைமுகாமில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்பேனியக் குடும்பத்தில் பிறந்த தெரேசா அன்னையின் தாய் திரானாவில் மகளைப் பார்க்காமலேயே 1972இல் இறந்தார். முழுத்தடைக்கு முன்பே, 1963 கிறிஸ்துமஸ் இரவில் கைதான எர்னெஸ்ட் சிமோனி என்ற பாதிரியார், சுரங்கத்திலும் சாக்கடையிலும் பல ஆண்டுகள் கட்டாய வேலை செய்தார். 2014இல் அவர் தன் கதையைச் சொல்லக் கேட்டுப் போப் பிரான்சிஸ் கண்ணீர் விட்டார்.

1990 நவம்பர் 4 அன்று ஷ்கோடரின் கல்லறைத் தோட்டத்தில், சிறையிலிருந்து மீண்டிருந்த பாதிரியார் சிமோன் யுபானி வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார், ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இருபத்து மூன்று ஆண்டு முழுத்தடை, நம்பிக்கையை அழித்துவிடவில்லை. அது தீவிரவாதத்துக்குத் தடுப்பூசியாகவும் அமையவில்லை. 2014இல் சிரியப் போருக்கு ஆள் திரட்டிய குற்றச்சாட்டில் அதே திரானாவில் சிலர் கைதானார்கள்.

இன்றைய அரசுகள் ஹோஜாவின் வழியில் போவதில்லை; அங்காராவின் வழியிலேயே போகின்றன. ரஷ்யா தன் தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு 2017இல் தடை செய்தது, ஆயுதமே ஏந்த மாட்டோம் என்று படைப்பணியை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளை. தஜிகிஸ்தானில் 18 வயதுக்குட்பட்டவர்கள் பள்ளிவாசலுக்குப் போவதை 2011இலேயே தடுத்துவிட்டார்கள். கத்லோன் மாகாணத்தில் ஓராண்டில் ஏறத்தாழ 13,000 ஆண்களின் தாடியை மழித்ததாகக் காவல்துறையே பெருமையாக அறிவித்தது. 2024 ஜூனில், பெருநாளன்று பிள்ளைகள் வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் பழக்கத்தையும் தடை செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் மாஸ்கோவின் இசையரங்கில் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றதாகப் பிடிபட்டவர்கள் தஜிகிஸ்தான் நாட்டவர்.

என் தோழியின் கேள்விக்கு என்னால் இப்போது தர முடிந்த பதில் இதுதான். தீவிரவாதத்தைக் கண்டு அஞ்சி எந்த அரசும் மதத்தை முழுவதுமாகத் தடை செய்யாது. பெரும்பான்மையின் மதத்தை அதனால் தொட முடியாது; தொட விரும்பவும் விரும்பாது. ஆனால் 'தீவிரவாதம்' என்ற சொல் அதன் கைக்குக் கிடைத்துவிடும். அதைக் கொண்டு உடை, தாடி, பட்டம், பிள்ளைகளின் பெருநாள் என்று வெட்டிக்கொண்டே போகும். வெட்டு விழுவது மண்டபமும் இசையும் தேவைப்படுகிற, ஒளிந்துகொள்ளத் தெரியாத, கூட்டம் சிறுத்த மக்கள்மேல். குண்டு வைப்பவனுக்கு மண்டபம் தேவையில்லை.

மட்டக்களப்புக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. தாக்குதலை முன்னின்று நடத்திய ஸஹ்ரானின் கூட்டம், 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி வழியினரோடு மோதியது. அவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்கள் முஸ்லிம்கள்தான். குண்டுகள் வெடித்த எட்டாம் நாள் நாடு முழுவதும் முகத்திரை தடையானது. அடுத்த மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், தன் உடையில் தர்மச்சக்கரம் அச்சிட்டிருப்பதாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டு இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். துணியில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம்.

மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜசீம் தமிழில் எழுதிய கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொல்லி, 2020 மே மாதம் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். தமிழறிந்தவர்கள் அவற்றைப் படித்துவிட்டு, இவை வன்முறைக்கு எதிரான கவிதைகள் என்று எடுத்துச் சொன்ன பிறகும் பிணை கிடைக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் தோழியை அழைத்து, கொன்யாவில் பார்த்ததையும் இந்த இளைஞரின் கதையையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அந்தக் கவிதைகள் கையில் இருந்தால் தனக்கு அனுப்பச் சொன்னாள்.